தடிபார் நோட்டீசுக்கு நான் எழுதிய பதில்

எங்கள் சந்தில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, பட்டாளத்துக்குப் போன பிள்ளையைப் பற்றிய தந்தி, எதுவானாலும். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் மெட்ரிக் பாஸ் செய்தவன் நான் ஒருவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனே நான்தான் முதல். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பாலக்காட்டு வக்கீலிடம் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. வேலை முடிந்து நான் சந்துக்குள் நுழையும்போது யாராவது ஒருவர் காகிதத்தோடு எங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் செய்த தவறு இந்தப் பிடித்தத்திலிருந்துதான் தொடங்கியது.

அப்பாவோடு தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவரை நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தேன். உறவு ஒன்றும் கிடையாது. பக்கத்து அறை, அவ்வளவுதான். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பதினெட்டு வயதில், முதல் உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்பே, சென்னையில் கப்பலேறி டிரினிடாட் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். ஐந்து வருஷ ஒப்பந்தம். அது முடிந்தும் பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, அந்தத் தீவிலேயே பிறந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பியவர். அந்தப் பெண்ணைத்தான் நான் அத்தை என்பேன். அவருடைய பெற்றோர் வடக்கே எங்கிருந்தோ அந்தத் தீவுக்குக் கப்பலில் போனவர்கள். அத்தை மாமாவிடமிருந்து கற்றுக்கொண்ட திருநெல்வேலித் தமிழ் பேசுவார். நடுவில் இந்தி வந்து விழும். சந்தில் பெண்களுக்கு அவர் 'தீவுக்காரி'.

ஊருக்கு அவர்கள் ஒருமுறை போயிருக்கிறார்கள், கப்பலிலிருந்து இறங்கிய கையோடு. மாமாவின் சொந்தத் தம்பி வீட்டுக்குள் விடவில்லை. என்ன ஜாதி என்றே தெரியாத பொம்பளை, கடல் தாண்டி வந்தவள் என்று பஞ்சாயத்து கூடிப் பேசினார்களாம். நான்கு மாதம் மாட்டுக்கொட்டிலில் இருந்துவிட்டு, இருவரும் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். தாராவியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இங்கே யாருக்கு யோக்கியதை? அந்த ஒன்பதுக்குப் பத்து அறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை.

மாமாவிடம் ஒரு பழக்கம். இடுப்பில் மெழுகுத்துணிப் பை ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். ஒப்பந்தம் முடிந்தது, இவன் இனி யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று தீவு சர்க்கார் கிரீடம் அச்சடித்துக் கொடுத்த காகிதம். அங்கே வேலை நாளில் ஒரு கூலிக்காரன் ரோட்டில் நடந்தால் போலீஸ்காரன் நிறுத்துவான். காகிதம் இருந்தால் தப்பித்தான், இல்லாவிட்டால் கோர்ட்டு. அந்தப் பயம் உடம்பிலேயே ஏறிவிட்டது. இங்கே மாஹிம் சந்தைக்குப் போனாலும் மாமா பையை எடுத்துச் சொருகிக்கொள்வார்.

"அண்ணாச்சி ராசா காயிதம் இல்லாம கக்கூசுக்குக்கூடப் போக மாட்டாவ" என்று அப்பா கேலி செய்வார்.

"சிரிலே சிரி. உன்னைய ஒருத்தன் நடுரோட்டுல நிறுத்தி நீ யாரு ஆளுன்னு கேட்டிருந்தா தெரியும்" என்பார் மாமா.

அங்கே வேலைக்குப் போகாவிட்டால் அதுவே குற்றம். இங்கே ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி கிடைக்காது. அங்கே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். மாமா அப்படி இரண்டு முறை ஜெயிலுக்குப் போயிருக்கிறார். அவரோடு ஒரே கப்பலில் வந்த ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலில் சாகக் கிடந்தான் என்று சீட்டு வாங்காமல் பார்க்கப் போனதற்கு ஒருமுறை. வெட்டிய வாய்க்காலை மறுபடி வெட்டச் சொன்ன ஓவர்சியரிடம் முடியாது என்று சொன்னதற்கு இன்னொரு முறை. சின்ன வயதிலிருந்து நான் இந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறேன். அவர் அதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார், வெட்கப்பட்டும் சொல்ல மாட்டார். மழை பெய்தது என்பதைப் போலச் சொல்வார்.

நாற்பத்தாறில் பம்பாயில் கலவரம் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். சாயங்காலம் முதல் காலை ஆறு மணி வரை வெளியே தலை காட்டக் கூடாது. பால்காரன் வரவில்லை, மில்களில் இரவு ஷிப்டு நின்றது. ஆனால் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி யாருக்காகவும் காத்திருக்காது. குழியில் போட்ட தோலை நேரத்துக்கு எடுத்துப் புரட்டாவிட்டால் நைந்து கந்தலாகிவிடும். குழி மாமாவின் பொறுப்பு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மாமாவேதான் போனார். விடிந்தும் விடியாத நேரத்தில், ஆறு அடிப்பதற்கு அரைமணி முன்பே, இருநூறு கஜம் தூரத்தில் இருக்கிற ஷாப்புக்கு நடப்பார்.

இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ரோந்து வந்த போலீஸ்காரர்கள் டார்ச் அடித்து நிறுத்தினார்கள். ஒருவன் கையை ஓங்கியிருக்கிறான். மாமாவின் கை தானாக இடுப்புக்குப் போயிருக்கிறது. எதையோ உருவுகிறான் என்று நினைத்து அவர்கள் பாய்ந்து பிடித்துவிட்டார்கள். பைக்குள்ளிருந்து காகிதம் வந்தது. அதில் என்னவோ ஒரு தீவின் பெயர். போலீஸைக் கிண்டல் செய்கிறானா என்று நாலு அடி. அதோடு போயிருக்கும். ஆனால் தோளில் தொங்கிய சாக்கில் கத்தி இருந்தது. தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற கத்தி, ஒரு முழத்துக்கும் மேலே நீளம், இரண்டு பக்கமும் பிடி. ஷாப்பில் மற்றவர்கள் தொட்டுக் கூர்மையைக் கெடுத்துவிடுவார்கள் என்று மாமா அதைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டுவார்.

கலவர நாளில், ஊரடங்கு நேரத்தில், கத்தியோடு ஒரு ஆள். வேறு என்ன வேண்டும்?

மூன்று நாள் லாக்கப்பில் வைத்துவிட்டு விட்டார்கள். கேஸ் போடவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. அபாயகரமான ஆள் என்று சந்தேகிக்கப்படுவதால் உன்னை ஏன் நகரத்தை விட்டு வெளியேற்றக் கூடாது, பதில் சொல் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். தாராவியில் இதற்குத் 'தடிபார்' என்று பெயர். சாராயம் காய்ச்சுபவர்கள், சூதாட்டக் கிளப் வைத்திருப்பவர்கள் தடிபார் ஆகிப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்புக் குழி ஆள் ஆகிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மாதங்களில் போலீசுக்கு நிறைய ஆட்களை வெளியேற்றியதாகக் காட்ட வேண்டியிருந்தது.

நோட்டீஸை நான் படித்துச் சொன்னபோது மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெளிய போன்னா எங்கனலே போறது?"

அத்தை அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னார்: "அந்த மாட்டுக் கொட்டில் இப்பவும் இருக்கும்."

மறுநாள் வக்கீலிடம் நோட்டீஸைக் காட்டினேன். அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நான் அந்த அறையைத் தாண்டி உள்ளே போனதில்லை, போகச் சொன்னதும் இல்லை. மற்றபடி நல்ல மனுஷர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இதுக்கு நாலு வரி போறும், கேட்டியோ. நான் கூலி வேலை பண்றவன். இருபது வருஷமா ஒரே எடத்துல இருக்கேன். கத்தி தொழிலுக்கானது, முதலாளி லெட்டர் இதோட வெச்சிருக்கேன். என் மேல சொன்னது வாஸ்தவமில்லை. முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதப்படாது."

"சரி சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பேப்பரை வைத்து உட்கார்ந்தேன். முதலாளி லெட்டரை அப்பா வாங்கி வந்திருந்தார். நாலு வரியை எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் பேப்பர் காலியாகக் கிடக்கிறது. ஒரு மனிதனின் வாழ்க்கை நாலு வரியா? நாலு வரி எழுதவா நான் மெட்ரிக் படித்தேன்? நோட்டீஸ் அனுப்பிய அதிகாரியும் படித்தவர்தானே, முழுக்கதையையும் தெரிந்துகொண்டால் மனசு இளகாதா என்று எனக்குத் தோன்றியது. இப்படி ஒரு அநியாயத்துக்கு ஏற்கெனவே ஆளானவரை மறுபடியும் அநியாயத்துக்கு ஆளாக்கலாமா என்று கேட்டால் எந்த அதிகாரிதான் யோசிக்க மாட்டார்?

அந்த நாலு வரியைக் கிழித்துப் போட்டேன். மூன்று ஃபுல்ஸ்கேப் பக்கம் எழுதினேன். கப்பல், தோட்டம், காகிதம் இல்லாமல் நடக்க முடியாத ரோடு, அதனால் வந்த பழக்கம், அந்தப் பழக்கத்தால் கை இடுப்புக்குப் போனது. இரண்டு சிறைத் தண்டனைகளையும் எழுதினேன். அந்த ஒப்பந்த முறையே இன்று ஒழிந்துபோய்விட்டது, அந்தச் சட்டம் இன்று எந்த நாகரிக தேசத்திலும் நிற்காது என்றும் எழுதினேன். வக்கீலின் அலமாரியில் இருந்த தீர்ப்புப் புத்தகங்களில் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அதில் இறக்கினேன்.

மாமாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"செயில் விசயம் வேணுமாலே?"

"உண்மையைச் சொன்னாத்தான் மாமா நம்புவாங்க."

"அவன் கேக்கலியே."

"கேக்கலைன்னாலும் சொல்லணும். அப்பத்தான் நம்ம மேல மரியாதை வரும்."

"படிச்சவன் சொல்லுத. சரி" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினார். நான் மை தடவி உருட்டினேன். அத்தை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வக்கீலிடமும் காட்டவில்லை. அவரிடம் காட்டாததற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

விசாரணை ஒரு போலீஸ் அதிகாரியின் அறையில். வக்கீல் வர அனுமதி இல்லை. மொழி சொல்ல ஆள் வரலாம் என்றதால் நான் போனேன். அதிகாரி மராத்திக்காரர், மெலிந்த ஆள், சலித்த முகம். வெளியே பெஞ்சில் இருபது பேருக்கு மேல் இதே நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மூன்று பக்கத்தை அவர் ஒரு நிமிஷத்தில் புரட்டினார். முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. இரண்டு இடத்தில் கோடு போட்டார்.

"ஸஜா ஹுயீ தீ?" தண்டனை கிடைத்ததா என்று மாமாவைப் பார்த்து நேராகவே கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன். "சார், அது வேறு தேசத்துச் சட்டம். வேலைக்குப் போகாததற்கு..."

"உன்னைக் கேட்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். பிறகு மாமாவிடம் இந்தியில், மாஜிஸ்திரேட் தண்டித்தாரா, ஜெயிலில் இருந்தாயா, ஆமா இல்லையா என்று கேட்டார்.

மாமாவுக்கு இந்தி அத்தையால் நன்றாக வரும். "ஹாங் சாப். தோ தஃபா" என்றார். இரண்டு தடவை. அதே மழை பெய்தது மாதிரியான குரல்.

அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி லெட்டரை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து, அன்று வக்கீல் ஊரில் இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன், ஒரு போலீஸ் சிப்பாய் மத்தியானம் உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதே இந்தியில் சொன்னான்: நாளை மறுநாள் சாயங்காலம் தாதர் ஸ்டேஷனுக்கு வந்துவிடு, மதராஸ் வண்டியில் ஏற்றிவிடுவோம், டிக்கெட் சர்க்கார் செலவு, ஊர் போய்ச் சேர். அப்பா, மாமா, அத்தை மூவரும் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் படித்தேன். மூன்றாவது பாராவுக்கு வந்ததும் நிறுத்தினேன். 'இரண்டு முறை சிறைத் தண்டனை பெற்றவர் என்பதைத் தன் எழுத்து மூலமான பதிலில் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே சந்தேகத்துக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது.' 'இரண்டு முறை சிறைத் தண்டனை பெற்றவர்' என்பது நான் எழுதியதுதான். அவர்கள் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

அந்தப் பாராவைத் தாண்டினேன். கத்தி இருந்ததாலே இப்படி முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். தாண்டிய பதற்றத்தில் மற்றதையும் வேகமாக ஓட்டினேன். "ரெண்டு வருஷம் பம்பாய்க்குள்ள வரக் கூடாது. ஊருக்குப் போயிரணும். அப்படித்தான் போட்டிருக்கு."

"நாசமாப் போற கத்தி" என்றார் அப்பா. "நான் எத்தனை தடவை சொன்னேன் அண்ணாச்சி, ஷாப்புலேயே வச்சிட்டு வாங்கன்னு."

அத்தை என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சந்து முனையில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் காகிதம்.

"பேட்டா, இங்க வா." காகிதத்தைப் பிரித்து, மூன்றாவது பாராவின் மேல் விரலை வைத்து, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஆங்கிலம். உச்சரிப்பு நான் கேட்டிராதது, இழுத்து இழுத்து, பாட்டுப் போல. ஆனால் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்ன பாக்குதே? அங்க பாதிரி ஸ்கூல் இருந்துச்சு. அஞ்சு வருஷம் படிச்சேன். தோட்டத்துல எல்லாருக்கும் கடுதாசி நான்தான் எழுதுவேன். கோர்ட்டுக்குக்கூட."

இருபது வருஷமாக ஒரே சந்து. பத்தடி தள்ளி அடுத்த அறை. ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கடிதம் வந்தால் அவரும் மற்றவர்களைப் போல என் வாசலில் நின்று நான் படிப்பதைக் கேட்டிருக்கிறார்.

"ஏன் அத்தை சொல்லல?"

"நீ ஆசையாப் படிச்சே. அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றவர், குரலை மாற்றினார். "இது நீ எழுதினதா?"

"ஆமா அத்தை."

"தாண்டிட்டே."

"ஆமா."

"எழுதுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே பேட்டா. ஜெயில்ங்கிற வார்த்தையைச் சர்க்கார் பேப்பர்ல நம்ம கையால எழுதவே கூடாது. அங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "இன்னொண்ணு. ஊருக்குப் போகணும்னு இதுல எங்க இருக்கு? காட்டு."

தேடினேன். இல்லை. நகர எல்லைக்குள் இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. ஊர் என்ற பேச்சே இல்லை. சிப்பாய் வாயால் சொன்னதை நான் காகிதத்தில் இருப்பதாகப் படித்துவிட்டேன். ஒன்றை மறைக்கப் போய், இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

"மாமாகிட்ட..." என்றேன்.

"நீ சொல்லு. உன்னோடதை நான் தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தை தண்ணிக் குழாய்க்குப் போனார்.

கிங்ஸ் சர்க்கிள் வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. வக்கீல் திரும்பி வந்திருந்தார். பதிலின் நகலையும் உத்தரவையும் அவர் முன் வைத்தேன். மூன்று பக்கத்தையும் அவர் பொறுமையாகப் படித்தார்.

"இங்கிலீஷ் நன்னாருக்கு" என்றார். "நான் என்ன கதாகாலட்சேபமா பண்ணச் சொன்னேன்? அவா கிட்ட என்ன இருந்தது? ஒரு கத்தி. தொழில் கத்தின்னு லெட்டரும் இருந்தது. காத்துல கட்டின கேஸ் அது. நீ அதுக்கு அஸ்திவாரம் போட்டுக் குடுத்துட்டே."

"அப்பீல் போட முடியாதா சார்?"

"போடலாம். என்ன சொல்லிப் போடறது? அவன் கைநாட்டு இருக்கே கீழே. பொய்யின்னு சொல்லச் சொல்றியா? வாஸ்தவமாச்சே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோக்கு எழுத வரும். எதை எழுதப்படாதுங்கறது வரல்லை. அது புஸ்தகத்துல கெடையாது."

ஊருக்குத்தான் போயாக வேண்டுமா என்று கேட்டேன். உத்தரவை மறுபடி பார்த்தார். "எல்லைக்கு வெளியில எங்க வேணும்னாலும் இருக்கலாம். பக்கத்துல கல்யாண் ஸ்டேஷன்ல எறங்கிண்டாக்கூட ஒருத்தன் கேக்க முடியாது. டிக்கெட் குடுக்கறது அவா சௌகரியம். இது யார் கண்டுபிடிச்சா, நீயா?"

"இல்லை சார். அவர் சம்சாரம்."

"அவளை வேலைக்கு வெச்சிண்டிருக்கணும் நான்" என்றார். சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொல்லப் போனேன். அறையில் நாலைந்து பேர் விடைபெற வந்து உட்கார்ந்திருந்தார்கள். சொல்லவில்லை. மறுநாள் காலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. பித்தளைக் குடத்தையும் அம்மியையும் எங்கள் அறையில் கொண்டுவந்து வைத்தார் அத்தை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

தாதர் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. கலவரத்துக்குப் பயந்து ஊருக்குப் போகிறவர்கள் பாதிப் பேர். சிப்பாய் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, வண்டி நகர்வதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பீடியோடு தூண் பக்கம் நின்றான். அத்தை பெயர் உத்தரவில் இல்லை. அவருக்கு அப்பா டிக்கெட் எடுத்திருந்தார். மாமா ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, கத்தியால இல்ல. நான் எழுதினதாலதான். உத்தரவுல அப்படித்தான் இருந்துச்சு. நான் படிக்காம விட்டுட்டேன்."

"தெரியும்லே" என்றார்.

"அத்தை சொன்னாங்களா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? அந்த ஆபீசர் பென்சிலை வச்சு என்னையக் கேட்டான்லா, நான் அங்கனதானே நின்னேன்? என்னைய என்ன செவிடன்னு நினைச்சியா?" அவர் என்னைப் பார்க்காமல் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். நேத்து வந்தே, போனே. காலையில கயித்தைப் பிடிச்சே. இப்போ வண்டி பொறப்படுத நேரத்துல சொல்லுத. உனக்கு எறக்கி வைக்கணும். எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு மூட்டை இருக்குலே."

"மன்னிச்சிருங்க மாமா."

"கைய எடு. வண்டி நகருது."

எடுத்தேன். அவர் கோபமாக இருந்தாரா, என் கை அடிபடக் கூடாது என்று சொன்னாரா என்பதை இந்த மூன்று வருஷத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். அத்தை உள்ளிருந்து அப்பாவுக்கு மட்டும் தலையசைத்தார். சிப்பாய் பீடியை மிதித்துவிட்டுப் போனான்.

இருவரும் எங்கே இறங்கப் போகிறார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. அப்பாவுக்கு உத்தரவில் ஊர் பற்றி ஒன்றும் இல்லை என்பதே தெரியாது. அவர் ஒவ்வொரு நாளும், இந்நேரம் ஊர் போயிருப்பாவ, தம்பிக்காரன் சேர்த்திருப்பானா, அந்தப் பொம்பளை அங்க என்ன பாடு படுதோ என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வார். சந்தில் ஆட்கள் வழக்கம்போலக் காகிதத்தோடு வந்தார்கள். படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டு படித்தேன். கிழவர் ஒருவர், "என்னலே, இங்கிலீஷ் மறந்துட்டா?" என்று கேட்டார்.

ஒரு மாதத்துக்கு மேலாகி, தோல் ஷாப் விலாசத்துக்கு அப்பா பெயரில் ஒரு தபால் அட்டை வந்தது. அப்பா அதை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். கல்யாண் முத்திரை. ஆங்கிலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட நோட்டில் பழகிய, சாய்ந்த, சுத்தமான கையெழுத்து. என்னுடையதைவிட நல்ல கையெழுத்து.

"என்னலே போட்டிருக்கு? ஊர்ல எல்லாம் சுகமா?"

"ஊர் இல்லப்பா. கல்யாண்ல இறங்கிட்டாங்க." வரிவரியாகச் சொன்னேன். ராணுவ முகாமில் அவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. ரயில் லைன் பக்கம் ஒரு அறை பார்த்திருக்கிறோம். குடமும் அம்மியும் இருக்கட்டும், பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். சந்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

"தப்பிச்சாவ" என்று அப்பா சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார். "அவ்வளவுதானா?"

அட்டையில் இன்னும் ஒரு வரி இருந்தது. அப்பாவின் கண்ணுக்கு அது கோடுகள்தான். நான் சொல்லாமல் விட்டால் அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

"இன்னொரு வரி இருக்கு" என்றேன். "'எங்களுக்காக உன் மகன் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம்'னு போட்டிருக்கு."

அப்பாவின் கை தொடையிலேயே நின்றது. "ஏன் அப்படிப் போட்டிருக்காவ?"

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.